மூட்டில் கருப்பாகத் தெரிவதெல்லாம் நீர் இல்லை: ப்ரோப் பிடிக்கத் தொடங்குபவர்களுக்கு

மூட்டு அல்ட்ராசவுண்ட் கற்க ஆரம்பித்த புதிதில் எனக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. திரையில் கருப்பாக ஏதாவது தெரிந்தால் போதும், "மூட்டில் நீர் உள்ளது" என்று எழுதிவிடுவேன். ஒருநாள் அப்படி எழுதிய மணிக்கட்டில் என் சீனியர் ஊசி போட்டார், ஒரு சொட்டு வரவில்லை. அவர் திட்டவில்லை. ஸ்கேன் செய்ய உடலில் வைக்கும் ப்ரோபை என் கையில் கொடுத்து, "லேசா அழுத்திப் பாருங்க" என்றார். அழுத்தினேன், அந்தக் கருப்பு நசுங்கவே இல்லை. ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளரைப் போட்டதும் உள்ளே சிவப்புப் புள்ளிகள் மின்னின. நான் நீர் என்று நினைத்தது அழற்சியால் தடித்துப்போன மூட்டுச் சவ்வு.

அன்றைக்குப் புரிந்ததுதான் இந்தக் கட்டுரை முழுக்க வரப்போகிறது. எக்ஸ்ரே போல அல்ட்ராசவுண்டை எடுத்துவைத்துப் படிக்க முடியாது. தெரிகிற ஒவ்வொன்றையும் அழுத்தி, சாய்த்து, மூட்டை அசைத்து, டாப்ளர் போட்டுச் சோதித்த பிறகுதான் அதற்குப் பெயர் வைக்க வேண்டும். வாதநோய், எலும்பு மூட்டு, கதிரியல் துறைகளில் புதிதாக ப்ரோப் எடுப்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். நோயாளிகளும் படிக்கலாம், ஆனால் கையில் இருக்கும் ரிப்போர்ட்டை இதை வைத்துத் திருத்த வேண்டாம்.

ப்ரோபைத் தொடும் முன்

முதலில் நோயாளியிடம் பேசுங்கள், மூட்டைக் கையால் தொட்டுப் பாருங்கள். எங்கே வலி, காலையில் எழுந்ததும் எவ்வளவு நேரம் விறைப்பு, எந்த மூட்டு வீங்கியிருக்கிறது, என்ன மருந்து போகிறது, இதெல்லாம் தெரியாமல் ஸ்கேன் செய்தால் படங்கள் நிறைய சேரும், பதில் எதுவும் கிடைக்காது. ஒவ்வொரு ஸ்கேனுக்கும் ஒரு கேள்வி இருக்க வேண்டும். இந்த விரல்கள் உண்மையிலேயே அழற்சியால் வீங்கியிருக்கின்றனவா, இல்லை வெறும் வலியா? முடக்குவாதத்துக்கு மருந்து ஆரம்பித்து ஆறு மாதம் ஆயிற்று, நோய் அடங்கியிருக்கிறதா? இந்தக் கால் பெருவிரல் வீக்கம் கவுட்டா, அதாவது யூரிக் அமிலப் படிகத்தால் வரும் வாதமா? ஊசியை எந்த வழியாகச் செலுத்துவது? கேள்வி மாறினால் பார்க்கும் மூட்டும் மாறும், செட்டிங்கும் மாறும்.

ஒரே ஒரு மூட்டு திடீரென்று சூடாக வீங்கி, காய்ச்சலும் இருந்தால் மற்றதையெல்லாம் ஒதுக்கிவையுங்கள். மூட்டில் கிருமித்தொற்று இருக்கிறதா என்று அல்ட்ராசவுண்ட் படத்தால் சொல்ல முடியாது. டாப்ளரில் சிவப்பே இல்லாவிட்டாலும் தொற்று இருக்கலாம். அங்கே ஸ்கேனின் வேலை, நீர் எங்கே இருக்கிறது என்று காட்டி, அதை ஊசியால் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப உதவுவது மட்டும்தான்.

மெஷின், ஜெல், கை

நேர்கோட்டு ப்ரோப், அதாவது லீனியர் ப்ரோப், அநேகமாக எல்லா மூட்டுக்கும் போதும். அதிர்வெண் கூடினால் படம் கூர்மையாகும், ஆனால் ஆழம் போகாது. விரல் மூட்டுகளுக்கு 15 மெகாஹெர்ட்ஸ் அல்லது அதற்கு மேல், முழங்கால், தோளுக்கு 10 முதல் 12 வரை, இடுப்பு மூட்டுக்கு இன்னும் குறைவாக. பருமனானவர்களின் இடுப்புக்கு வளைந்த ப்ரோபே தேவைப்படும். விரல்களுக்கென்று ஹாக்கி மட்டை வடிவில் சின்ன ப்ரோப் இருந்தால் சுகம், இல்லாவிட்டால் குடிமுழுகிப் போகாது.

ஆழத்தைக் குறையுங்கள். புதியவர்கள் விரல் மூட்டைக்கூட நான்கு சென்டிமீட்டர் ஆழத்தில் வைத்துப் பார்ப்பார்கள், மூட்டு திரையின் உச்சியில் நகக்கண் அளவுக்குத் தெரியும், கீழே முழுக்க வெறும் இருட்டு. எலும்பின் வெள்ளைக் கோடு திரையின் கீழ்ப்பாதியில் வரும் அளவுக்கு ஆழத்தை வைத்து, ஃபோகஸை மூட்டின் மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள்.

ஜெல்லில் கஞ்சத்தனம் வேண்டாம். ப்ரோப் தோலில் உட்காரக் கூடாது, ஜெல்லின் மேல் மிதக்க வேண்டும். ப்ரோபை அடிப்பகுதியில் பிடித்து, சுண்டுவிரலையோ உள்ளங்கையின் ஓரத்தையோ நோயாளியின் உடலில் ஊன்றிக்கொண்டால் பாரம் உங்கள் கையில் நிற்கும், மூட்டின் மேல் இறங்காது. இந்த ஒரு விஷயத்துக்கு ஒரு வாரம் ஒதுக்கினாலும் தகும்.

அப்புறம் கோணம். தசைநாண் என்பது இணையாக ஓடும் நார்களின் கட்டு. ஒலி அதன் மேல் செங்குத்தாக விழுந்தால் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும், சில டிகிரி சாய்ந்தாலும் கருத்துவிடும். கருத்த நாணைப் பார்த்து "கிழிந்திருக்கிறது", "அழற்சி இருக்கிறது" என்று எழுதியவர்கள் ஏராளம். சந்தேகம் வந்தால் ப்ரோபை மெல்லச் சாய்த்துப் பாருங்கள். கருப்பு மாயமாகிவிட்டால் அது கோணத்தின் விளையாட்டு, நிற்கிற கருப்புதான் நோய். இதைப் பழக நல்ல இடம் தோளின் முன்பக்கம், பைசெப்ஸ் நாண் பள்ளத்தில் ஓடும் இடம். குறுக்கில் வைத்து ப்ரோபைச் சாய்த்தால் நாண் வெள்ளை, கருப்பு, வெள்ளை என்று கண்சிமிட்டும். கூட்டத்தில் நாணை அடையாளம் காணவும் இதே தந்திரம் உதவும், ஏனென்றால் சுற்றியுள்ள கொழுப்பு அப்படி நிறம் மாறாது.

எலும்பில் தொடங்குங்கள்

எந்த மூட்டானாலும் முதலில் எலும்பின் வெள்ளைக் கோட்டைப் பிடியுங்கள். அது கூர்மையாக, பளிச்சென்று வந்தால் உங்கள் கோணம் சரி என்று அர்த்தம். இரண்டு எலும்புகளுக்கு நடுவே மூட்டு, அதன் மேல் உறை, அதற்கும் மேல் நாண் என்று வரிசையாக அடையாளம் கண்ட பிறகு ப்ரோபை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை மெல்ல நகர்த்துங்கள். நடுவில் மட்டும் பார்த்துவிட்டு எடுத்துவிடாதீர்கள். நெடுக்கில் பார்த்ததைக் குறுக்கிலும் பாருங்கள், ஒரு தளத்தில் மட்டும் தெரிவது சந்தேகக் கணக்கில்தான் சேரும்.

இப்போது அந்தக் கருப்புக்கு வருவோம். மூட்டுக்குள் கருப்பாகத் தெரியக்கூடியவை முக்கியமாக மூன்று: நீர், தடித்த சவ்வு, குருத்தெலும்பு. ஒமெராக்ட் என்ற சர்வதேசக் குழு 2005ல் வெளியிட்ட வரையறைகள் இன்றும் அடிப்படையாக இருக்கின்றன, அவற்றின் சாரம் எளிமையானது. நீர் என்றால் அழுத்தினால் நசுங்கும், பக்கத்துக்கு ஓடும், டாப்ளரில் எதுவும் காட்டாது. தடித்த சவ்வு என்றால் இடம்பெயராது, அழுத்தினாலும் அவ்வளவாக நசுங்காது, டாப்ளரில் ரத்த ஓட்டம் தெரியலாம், தெரியாமலும் போகலாம். இந்தக் கடைசி வாக்கியத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சிவப்பு இல்லை என்பதால் சவ்வு நீராகிவிடாது, பழைய, அடங்கிய சவ்வும் அப்படித்தான் இருக்கும். இன்னொன்று, நீர் எப்போதும் தெளிந்த கருப்பாக இருக்க வேண்டியதில்லை, ரத்தமோ சீழோ படிகமோ கலந்தால் சாம்பலாகத் தெரியும், அழுத்தும்போது உள்ளே துகள்கள் சுழல்வதையே பார்க்கலாம். குருத்தெலும்போ எலும்பின் மேல் ஒட்டிய மெல்லிய, சீரான கருப்புப் பட்டை, எங்கேயும் நகராது. குழந்தைகளிடம் எலும்பின் முனையே பெரும்பாலும் குருத்தெலும்பாக இருக்கும், அதற்குள் இயல்பான ரத்தக்குழாய்களும் உண்டு. பெரியவர்களின் கண்ணோடு குழந்தையின் மூட்டைப் பார்த்தால் எல்லாமே அழற்சியாகத் தெரியும்.

ஆரோக்கியமான மூட்டிலும் கொஞ்சம் நீர் இருக்கும் என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள். கால் பெருவிரலின் அடிமூட்டில் ஒரு கருப்புக் கீற்று எந்த வியாதியும் இல்லாதவர்களிடமும் சாதாரணமாகத் தெரியும். சக ஊழியர்களின் கால்களை ஸ்கேன் செய்து பாருங்கள், நம்பிக்கை வரும்.

டாப்ளர்

இங்கேதான் அதிகத் தவறுகள் நடக்கின்றன, ஆகவே கொஞ்சம் நிதானமாகப் போவோம். அழற்சி வந்த சவ்வில் புது ரத்தக்குழாய்கள் முளைக்கும். அவை மிகச் சிறியவை, ரத்தம் மெதுவாக ஓடும். பெரிய தமனிகளுக்காக வைத்த செட்டிங்கில் அவை தெரியவே தெரியாது.

ஒலித் துடிப்புகள் நொடிக்கு எத்தனை முறை போகின்றன என்று சொல்லும் பிஆர்எஃப் அளவைக் குறையுங்கள், அரை கிலோஹெர்ட்ஸ் முதல் ஒன்று வரை என்பது நல்ல தொடக்கம். மெதுவான ஓட்டத்தை வடிகட்டிவிடும் வால் ஃபில்டரையும் அடிமட்டத்துக்கு இறக்குங்கள். சிக்னலைப் பெருக்கும் கெயினைத் திரை முழுக்கப் புள்ளி பொரியும் வரை ஏற்றி, அந்தப் பொரி மறையும் இடம் வரை மெல்ல இறக்கி அங்கே நிறுத்துங்கள். எலும்புக்குக் கீழே புள்ளிகள் இன்னும் பொரிந்துகொண்டிருந்தால் கெயின் அதிகம். டாப்ளர் பெட்டியின் மேல்விளிம்பைத் தோல் வரை நீட்டிவையுங்கள், அப்போதுதான் மேலே ஓடும் ஒரு ரத்தக்குழாயின் எதிரொலி கீழே மூட்டுக்குள் விழுந்து ஏமாற்றுகிறதா என்று தெரியும். இதேபோல எலும்பின் பளபளப்பு கண்ணாடி மாதிரி வேலை செய்து, மேலே இருக்கும் குழாயை எலும்புக்குள் இருப்பதாகக் காட்டும். எலும்புக் கோட்டுக்குக் கீழே வரும் சிவப்பை நம்ப வேண்டாம். உண்மையான அரிப்புக் குழிக்குள் இருந்தால் மட்டும் அது விதிவிலக்கு.

அப்புறம், அழுத்தாதீர்கள். சற்று முன்னால் அழுத்திப் பார்க்கச் சொன்னவனே இப்போது இப்படிச் சொல்கிறேன் என்று தோன்றும். அழுத்துவது நீரா சவ்வா என்று சோதிக்க. டாப்ளர் போடும்போது கையின் பாரமே குழாய்களை மூடி, மிகக் கடுமையான, மூன்றாம் கிரேடு அழற்சியைப் பூஜ்யமாக்கிவிடும். ப்ரோபுக்கும் தோலுக்கும் நடுவே ஜெல் ஒரு கோடாகத் திரையில் தெரிந்தால் நீங்கள் அழுத்தவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. மூட்டின் நிலையும் அப்படித்தான், விரலை மடக்கினால் மேலிருக்கும் நாண் இழுபட்டு சவ்வை நெருக்கும். கையை மேஜையில் தட்டையாக, தளர்வாக வைக்கச் சொல்லுங்கள். முழங்காலில் நீர் தேடும்போது 30 டிகிரி மடக்குவது வசதி, ஆனால் டாப்ளருக்கு நீட்டித் தளர்த்திய நிலையில் மறுபடியும் பாருங்கள்.

சிவப்பு தெரிந்ததும் சில நொடி காத்திருங்கள். நாடித்துடிப்போடு சேர்ந்து வந்து வந்து போனால் அது ரத்தம், திரை முழுக்கப் பளிச்சென்று அடித்து மறைந்தால் யாரோ அசைந்துவிட்டார்கள், அநேகமாக நீங்கள்தான்.

கிரேடு போடுவது சுலபம். சவ்வில் ரத்த ஓட்டமே இல்லை என்றால் 0. ஒன்றிரண்டு, அதிகபட்சம் மூன்று தனிப் புள்ளிகள் என்றால் 1. அதைவிடக் கூடுதல், ஆனால் சவ்வின் பரப்பில் பாதியைத் தாண்டவில்லை என்றால் 2. பாதிக்கு மேல் என்றால் 3. எண்ண வேண்டியது தடித்த சவ்வுக்குள் இருக்கும் சிவப்பை மட்டுமே, பக்கத்தில் இயல்பாக ஓடும் குழாயைச் சேர்க்கக் கூடாது. வலி மாத்திரையும் ஸ்டீராய்டும் சிவப்பை மங்கச் செய்யும், ஆகவே நோயாளி என்ன விழுங்கிவிட்டு வந்திருக்கிறார் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மெஷினுக்கு மெஷின் டாப்ளரின் கூர்மை மாறும், தொடர் பரிசோதனைக்கு அதே மெஷின், அதே செட்டிங்.

எலும்பு அரிப்பு, நாண் உறை, நாண் ஒட்டும் இடம்

எலும்பின் கோடு உடைந்து குழியாகத் தெரிந்தால் அரிப்பு என்று சொல்ல, இரண்டு செங்குத்துத் தளங்களிலும் அது தெரிய வேண்டும். தேடவேண்டிய இடங்கள்: ஆள்காட்டி விரல் முட்டியின் கட்டைவிரல் பக்கம், சுண்டுவிரல் முட்டியின் வெளிப்பக்கம், மணிக்கட்டில் அல்னா எலும்பின் நுனி, காலில் சுண்டுவிரலின் அடிமூட்டு வெளிப்பக்கம். இந்தக் கடைசி இடத்தில் கைக்கு முன்பே அரிப்பு தெரியும் நோயாளிகள் உண்டு, கால் வலி என்று அவர் சொல்லாவிட்டாலும் பார்த்துவிடுங்கள். ஏமாற்றும் இடமும் ஒன்று இருக்கிறது: விரல் முட்டிகளின் புறங்கைப் பக்கம், எலும்புத் தலைக்குச் சற்றுப் பின்னால் வழவழப்பான ஒரு பள்ளம் இயல்பாகவே இருக்கும். அதன் அடித்தளம் உடையாமல் தொடர்ந்து வெள்ளையாக ஓடும். அரிப்பு இருந்தால் முடக்குவாதம் என்றும் முடிவுகட்ட முடியாது, கவுட், சொரியாசிஸ் மூட்டுவாதம், விரல் தேய்மானம் எல்லாமே குழி பறிக்கும்.

நாண் உறையைக் குறுக்கில் பார்ப்பதே நல்லது, நாணைச் சுற்றிக் கருப்பு வளையம் தெரியும். அதையும் அழுத்தி, டாப்ளர் போட்டு, நீரா சவ்வா என்று பிரியுங்கள். மணிக்கட்டின் சுண்டுவிரல் பக்க நாணையும், கணுக்காலின் உட்புறம் சுற்றி வரும் நாணையும் விட்டுவிடாதீர்கள். கையால் தொட்டுப் பார்த்து மூட்டு வீக்கம் என்று நினைத்தது பல நேரம் நாண் உறை வீக்கமாக இருக்கும், போடவேண்டிய ஊசியின் இடமே அதனால் மாறும்.

நாண் எலும்பில் ஒட்டும் இடத்தின் அழற்சியை, குறிப்பாகக் குதிநாணில், சொரியாசிஸ், முதுகுத்தண்டு வாதக்காரர்களிடம் தேடுவோம். நாண் தடித்து, கருத்து, எலும்பிலிருந்து 2 மில்லிமீட்டருக்குள் டாப்ளர் சிவப்பு தெரிந்தால் கவனிக்க வேண்டியது. வெறும் எலும்பு முள்ளை வைத்து எதுவும் சொல்லாதீர்கள், ஓடுபவர்களுக்கும் எடை கூடியவர்களுக்கும் வயதானவர்களுக்கும் அது உண்டு.

படிகங்கள்

எனக்குப் பிடித்த பகுதி இது, ஏனென்றால் பதில் சில நிமிடங்களில் கண்முன் வந்துவிடும். கவுட்டில் யூரேட் படிகங்கள் குருத்தெலும்பின் மேற்பரப்பில் படியும். கருப்புப் பட்டையின் மேல் இன்னொரு வெள்ளைக் கோடு, கீழே எலும்பின் வெள்ளைக் கோடு, ஆக இரட்டைக் கோடு. கால் பெருவிரலின் அடிமூட்டிலும், முழங்காலை முழுக்க மடக்கித் தொடை எலும்பின் முன்பள்ளத்திலும் பாருங்கள். அமெரிக்க, ஐரோப்பிய வாதநோய் அமைப்புகளான ஏசிஆர், யூலார் 2015ல் வெளியிட்ட கவுட் வகைப்பாட்டு விதிகளில் இந்த அடையாளத்துக்கு மதிப்பெண் உண்டு. ஆனால் ஒலி செங்குத்தாக விழும்போது ஆரோக்கியமான குருத்தெலும்பின் மேலும் ஒரு வெள்ளைக் கோடு மின்னும், அதிலும் நீர் இருந்தால் இன்னும் பளிச்சென்று. ப்ரோபைச் சாய்த்தால் பொய்க்கோடு மறையும், யூரேட் கோடு நிற்கும். கால்சியம் பைரோபாஸ்பேட் படிகங்களோ குருத்தெலும்பின் நடுவிலேயே வெள்ளைப் பொட்டுகளாக உட்காரும், முழங்காலின் மெனிஸ்கஸும் மணிக்கட்டின் முக்கோணக் குருத்தெலும்பும் அவற்றுக்குப் பிடித்த இடங்கள். யூரிக் அமிலத்தை நன்றாகக் குறைத்தால் இரட்டைக் கோடு மாதக் கணக்கில் மங்கி மறைவதையும் பார்க்கலாம், மாத்திரையை ஒழுங்காகப் போடாத நோயாளிக்கு அந்தப் படத்தைக் காட்டினால் நூறு அறிவுரையைவிட வேலை செய்யும்.

வேறு சில இடங்கள், வேகமாக

இடுப்பு மூட்டில் தொடை எலும்பின் கழுத்தை ஒட்டி முன்பக்கம் பாருங்கள். எலும்புக்கும் உறைக்கும் இடைவெளி 7 மில்லிமீட்டரைத் தாண்டினாலோ மறுபக்கத்தைவிடத் தெளிவாகக் கூடுதலாக இருந்தாலோ உள்ளே ஏதோ இருக்கிறது. முழங்காலின் பின்னால் பேக்கர் கட்டி என்ற நீர்க்கட்டி, இரண்டு நாண்களுக்கு நடுவே கழுத்து நீட்டிக்கொண்டு வரும், அந்தக் கழுத்தைக் காட்டாமல் பேக்கர் என்று எழுதாதீர்கள். அது உடைந்தால் கெண்டைக்கால் வீங்கி, சிரையில் ரத்தம் உறைந்தது போலவே இருக்கும். இவை இரண்டையும் பிரித்தறிய 1972லேயே அல்ட்ராசவுண்டைப் பயன்படுத்தினார்கள், மூட்டுகளில் இந்தக் கருவி நுழைந்த வாசல்களில் அதுவும் ஒன்று. இரண்டும் ஒரே காலில் சேர்ந்தும் வரலாம், ஆகவே சிரையையும் அழுத்திப் பாருங்கள்.

ஐம்பது தாண்டியவருக்கு இரண்டு தோளும் காலையில் தூக்க முடியவில்லை என்றால் டெல்டாய்டு தசைக்குக் கீழுள்ள பர்சா என்ற நீர்ப்பையையும் பைசெப்ஸ் நாண் உறையையும் இரு பக்கமும் பாருங்கள். அவருக்குப் புதிதாகத் தலைவலியோ, மெல்லும்போது தாடை வலியோ, பார்வை மங்கலோ இருந்தால் நெற்றிப்பொட்டுத் தமனியில் அழற்சி இருக்கிறதா என்றும் பாருங்கள். வீங்கிய தமனிச் சுவர் கருப்பு வளையமாகத் தெரியும் என்று 1997ல் ஜெர்மனியிலிருந்து வந்த ஆய்வு காட்டியது. இங்கேயும் அதே சோதனைதான்: அழுத்தினால் தமனி மூடிக்கொள்ளும், வீங்கிய சுவரின் வளையம் மட்டும் மறையாமல் நிற்கும். ஸ்டீராய்டு தொடங்கிய சில நாட்களிலேயே வளையம் மங்க ஆரம்பிக்கும், எனவே ஸ்கேனைச் சீக்கிரம் செய்யுங்கள். ஆனால் ஸ்கேனுக்காக மருந்தை ஒரு வேளைகூடத் தள்ளிவைக்காதீர்கள், கண் போய்விடும்.

எங்கே நிறுத்திக்கொள்வது

எலும்புக்குள் ஒலி போகாது. மஜ்ஜையின் வீக்கத்தைப் பார்க்க எம்.ஆர்.ஐ. வேண்டும். முதுகுத்தண்டு, முதுகுத்தண்டு இடுப்பெலும்போடு சேரும் சாக்ரோ இலியாக் மூட்டு அழற்சிக்கு இந்த ப்ரோபை எடுக்க வேண்டாம்.

இன்னொரு எல்லை படத்தில் இல்லை, நம் ஆசையில் இருக்கிறது. கையால் தொட்டால் எதுவும் இல்லாத மூட்டில் டாப்ளர் சிவப்பு தெரிவது உண்டு, அந்த மூட்டுக்குப் பின்னால் நோய் திரும்பும் வாய்ப்பு கூடுதல் என்பதும் உண்மை. அதனால் சிவப்பெல்லாம் அணையும் வரை மருந்தை ஏற்றிக்கொண்டே போகலாமா? முடக்குவாதத்தில் இதைச் சோதித்த இரண்டு ஆய்வுகள், நார்வேயின் ஆர்க்டிக்கும் ஸ்காட்லாந்தின் டேசரும், அப்படிச் செய்ததால் நோயாளிக்குத் தெளிவான கூடுதல் நன்மை கிடைத்ததாகக் காட்டவில்லை. வழக்கமான முறையில் இறுக்கமாகக் கண்காணித்தவர்களும் ஏறத்தாழ அதே அளவுக்கு நன்றாக இருந்தார்கள். எனவே கை சொல்வதும் ரத்தப் பரிசோதனை சொல்வதும் முரண்படும்போது ப்ரோபைக் கேளுங்கள், ஒவ்வொரு வருகையிலும் சடங்காகச் செய்ய வேண்டியதில்லை. ஒற்றைப் புள்ளிக்காக மருந்தை மாற்றவும் வேண்டாம்.

ரிப்போர்ட்டில் "மூட்டுவாதம் உள்ளது" என்று பொதுவாக எழுதுவதால் யாருக்கும் பயனில்லை. எந்த மூட்டு, எந்தப் பக்கம், எந்த நிலையில் பார்த்தது, சவ்வுத் தடிப்பு கிரேடு எவ்வளவு, டாப்ளர் கிரேடு எவ்வளவு, அரிப்பு இரண்டு தளத்தில் தெரிந்ததா, நீர் அழுத்தியதும் நகர்ந்ததா, கேட்ட கேள்விக்குப் பதில் என்ன, இவ்வளவும் பத்து வரியில் அடங்கும். பார்க்காத மூட்டைப் பார்க்கவில்லை என்றே எழுதுங்கள். நின்ற படத்தோடு அழுத்திப் பார்த்த சில நொடி வீடியோவையும் சேர்த்துச் சேமித்துவையுங்கள், ஆறு மாதம் கழித்து அதே மணிக்கட்டை வேறொருவர் பார்க்கும்போது அந்தக் கருப்பு நசுங்கியதா இல்லையா என்பது அதில்தான் இருக்கும்.